இரண்டு வண்டிக்கு ஒரு பாட்டரி

1

இந்தக் கதை எனக்குப் பெட்ரோல் வரிசையில் கிடைத்தது. மரக்காய்போ மாதிரி ஊரில் எழுதுகிறவனுக்கு வேறெங்கே கதை கிடைக்கும்? வீட்டில் மின்சாரம் இருக்காது, கடையில் ஆள் இருக்காது. வரிசையில்தான் ஊரே இருக்கும். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் தன் பழைய மாலிபு காரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். போய்க் கை கொடுத்தேன். வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்தாள். பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீப்புப் பச்சை வாழைக்காய் உட்கார்ந்திருந்தது.

“பாட்டரி எங்கேம்மா?”

“இன்னைக்குப் பக்கத்து வீட்டு முறை,” என்று சொல்லிவிட்டு வாழைக்காயை எடுத்து நிழலில் வைத்தாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைங்கரியம். நல்லதோ கெட்டதோ, பழி என்மேல்.

2

முதல் தொடக்கம் (அம்மாளுக்கு எக்லா என்று பெயர் வைத்தேன்): ‘விடியும் முன்பே எக்லாவின் கார் கிழவனைப் போல் இரும…’ வேண்டாம். கார் இருமுவதை எழுதாத ஆள் பாக்கியில்லை.

இரண்டாவது: ‘கைக்காசு கரையாமல் கார் வைத்துக்கொள்வது எப்படி என்று எக்லா ஊருக்கே பாடம் எடுக்கலாம்.’ இது தேவலை. இதிலேயே போகிறேன்.

பெட்ரோல் டாங்கில் கசிவு கண்டால் துணி துவைக்கிற நீல சோப்பைப் பிசைந்து அப்பிவிடுவாள். கேஸ்கட் கிழிந்தால் செருப்புப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து வைப்பாள். ஸ்பார்க் பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்த்து, அடுப்பில் வாட்டி, திரும்ப மாட்டுவாள். எஞ்சின் ஆயிலில் மட்டும் கை சுருங்காது. “எண்ணெயில மிச்சம் பிடிச்சா எஞ்சின்ல போயிரும்” என்பாள். ஆனால் பாட்டரியைச் சோப்பில் பிசைய முடியாதே. அதனால் பக்கத்து வீட்டு எவுதோவும் அவளும் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். எவுதோ அவள் மகளுக்கு ஞானத்தகப்பன், ஆகையால் அவளைக் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவான். (அந்த மகள் இப்போது சிலி நாட்டில் யார் வீட்டுத் தரையையோ துடைத்துக்கொண்டிருக்கிறாள். கதைக்குள் வரமாட்டாள். பணம் அனுப்பும்போது மட்டும் வருவாள், அதுவும் இந்த மாதம் வரவில்லை.)

செவ்வாய், வியாழன், சனி பாட்டரி எக்லாவுக்கு. அவள் கணவன் நேரியோவுக்கு அந்த நாட்களில்தான் டயாலிசிஸ். மற்ற நாட்களில் எவுதோவுக்கு. அவன் ஆளேற்றிப் பிழைக்கிறவன்.

3

அன்று வியாழன். எவுதோ வாசலில் வந்து நின்றான்.

“கொமாத்ரே, இன்னைக்கு ஒரு நாள் பாட்டரியை எனக்கு விட்டுக் குடு.”

“கிழமை தெரியாமப் போச்சா உனக்கு? போய்க் காலண்டரைப் பாரு.”

“என் மக எல்லையில வந்து நிக்கிறா. கைக்குழந்தையோட. நேத்துலேர்ந்து வெறுந்தரையில கெடக்காளாம். போய்க் கூட்டிட்டு வரணும்.”

அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் எக்லா.

“அப்ப நேரியோவை நான் முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போகவா?”

“அட, கேளு. இந்த பாட்டரியை வெச்சே உன் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவோம். ஓடுறப்பவே கழட்டிக்கிறேன். எஞ்சின் நிக்காது, ஓடுறப்ப ஆல்டர்னேட்டரே கரண்டு குடுத்துக்கும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அணையாமக் கொண்டு போயிரு. அதுக்கப்புறம் செத்தா சாகட்டும். சாயந்திரம் பாட்டரியோட நானே அங்க வந்து நிப்பேன்.”

“நடுவுல அணைஞ்சிட்டா?”

“அணைய விடாதே.”

“ஆகா, என்ன புத்தி! இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தம் வேற.”

திட்டிக்கொண்டே போய்ச் சாவியை எடுத்துவந்தாள். எவுதோ ஓடுகிற எஞ்சினிலிருந்து பாட்டரியைக் கழற்றினான்.* மாலிபு ஒரு கணம் திணறியது. எக்லா ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓடியது.**

* இப்படிக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் எரிந்துபோகலாம். எவுதோவுக்கும் தெரியும். இங்கே ‘போகலாம்’ என்றால் யாரும் பயப்படுவதில்லை. ‘போய்விட்டது’ என்றால்தான் உட்கார்ந்து அழுவோம்.

 ** அணைந்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்று கேட்கும் வாசகருக்கு: தானாகக் கியர் மாறும் வண்டி. தள்ளினால் நகரும், உயிர் வராது.

4

இங்கே ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வரிசையில் நின்ற அம்மாள் தன் புருஷனைப் பற்றி மூச்சே விடவில்லை. புருஷன் இருந்தானோ என்னவோ. கதைக்கு ஒரு அவசரம் வேண்டுமென்று நான்தான் ஒருவனை உண்டாக்கி, அவனுடைய இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்தேன். எழுதுகிறவனுக்கு இது பெரிய வேலையில்லை, அரை வரிதான்.

ஆனால் அதற்குப்பிறகு நேரியோவை என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். கால் வீங்கியிருக்கிறது என்று எழுதினேன். பழைய வெல்டர் என்று எழுதினேன், அவன் அதற்கும் வாய் திறக்கவில்லை. மூன்று பிரதியிலும் அவன் ஒரு மூட்டையாகவே கிடந்தான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. சந்தேகமாக இருந்தது. நோயாளி என்றால் ஒரு முனகலாவது வேண்டாமா? வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்டினால் எக்லா எங்கே போவாள், எதற்காக?

விட்டுவைத்தேன்.

5

எக்லா இடதுகாலைப் பிரேக்கிலும் வலதுகாலை ஆக்சிலரேட்டரிலும் வைத்து ஓட்டினாள். ஹாரனைத் தொடவில்லை. விளக்கு, விசிறி எதுவும் போடவில்லை. வெயில் கண்ணாடி வழியாக மடியில் வந்து விழுந்தது. சிவப்பு விளக்கில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் வலதுகாலை அழுத்தினாள். “சீனியப்பமாத் தாயே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்…”

(இந்தப் பெயரில் ஒரு மாதா கிடையாது. இந்த ஊர் மாதாவின் பெயரை எழுதத்தான் கை போனது, அவளை வம்புக்கு இழுக்கப் பயந்து மாற்றினேன். ‘மாதாவே’ என்று படித்துக்கொள்ளுங்கள்.)

ஆஸ்பத்திரியில் நேரம் தவறினால் டயாலிசிஸ் நாற்காலி அடுத்தவருக்குப் போய்விடும். செவ்வாயன்று மின்சாரம் போய் பாதியிலேயே எழுப்பிவிட்டிருந்தார்கள். இன்றும் தவறினால் சனிக்கிழமை வரை நேரியோ தாங்கமாட்டான் என்று நர்ஸ் எக்லாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

பாலத்தடியில் சோதனைச் சாவடி. சீருடைக்காரன் கையை நீட்டினான். ஓரம் கட்டினாள்.

“குடிமகளே, எஞ்சினை அணைச்சிட்டு பேப்பரை எடுங்க.”

‘குடிமகளே’ என்று ஆரம்பித்தால் காரியம் சுலபத்தில் முடியாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

“தம்பி, பேப்பர் இந்தாங்க. எஞ்சின் மட்டும் ஓடட்டும். பாட்டரி இல்லை, அணைஞ்சா திரும்ப வராது.”

“பாட்டரி இல்லாம வண்டி எப்படி ஓடுது? என்னை என்ன கேனையன்னு நெனைச்சீங்களா?”

“பானெட்டைத் தூக்கிப் பாருங்களேன்!”

“ஓடுற எஞ்சின்ல நான் தலையை விடமாட்டேன். அணைங்க முதல்ல. வண்டி நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் பார்க்கணும்.”

“இவர் டயாலிசிஸ்க்குப் போறாருங்க. காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு!”

அவன் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு, “எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்க,” என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் வழிவிடவில்லை.

6

முடிவு அ: அவன் அம்மாவும் அதே ஆஸ்பத்திரியில்… இல்லை. எழுதும்போதே கூசுகிறது. இரக்கம் வர வேண்டுமென்றால் ஒவ்வொருவனுக்கும் ஒரு நோயாளித் தாயை நான் தயார் செய்ய வேண்டுமா?

முடிவு ஆ: அவனே ஜன்னலுக்குள் கைவிட்டுச் சாவியைத் திருகுகிறான். எஞ்சின் அடங்குகிறது. எக்லா ஸ்டியரிங்கில் தலை சாய்க்க…

இதை முடிக்கவில்லை. முடியும், ஆனால் பழியை ஒரு சீருடைமேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவேன்.

முடிவு இ-யை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நேரியோ வாயைத் திறந்தான்.

7

“ஆஃப் பண்ணிரு, எக்லா.”

“நீ பேசாம இரு.”

“அவர்தான் சொல்றாரே. அணைச்சிரு.”

“அணைச்சா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். அதனாலதான் சொல்றேன்.” அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். “ஓட்டைக்கு சோப்பு, கிழிசலுக்கு அட்டை… என்னையும் நீ அப்படித்தானே ஓட்டிக்கிட்டிருக்கே. எனக்கு அலுத்துப்போச்சு புள்ள. கொஞ்சம் சும்மா கெடக்கணும்போல இருக்கு.”

(இதை நான் எழுதவில்லை. சரி, நான்தான் எழுதினேன், என் கைதான். ஆனால் அவனை வெட்டலாமா என்று யோசித்தவன் நான். அவன் முந்திக்கொண்டான்.)

எக்லாவுக்குக் கோபம் பொங்கியது. இத்தனை நாள் இதைத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தானா?

“உனக்கு வலிக்குதான்னு நான் கேட்டேனா? கேட்கலைல்ல? எனக்குக் கேட்கவும் வேண்டாம். வீட்டுல எனக்கு ஆள் வேணும். திட்டுறதுக்காவது ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்.”

நேரியோ சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை நீட்டிச் சாவியைப் பிடித்தான். எக்லாவின் கை அதன்மேல் போய் விழுந்தது. ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்சிலரேட்டரில். இரண்டையும் எடுக்க முடியாது. சீருடைக்காரன் கையில் பேப்பரோடு இருவரையும் பார்த்தபடி நின்றான்.

வெல்டிங் செய்த அந்தக் கையில் இப்போது அத்தனை பலமில்லை. எக்லா நினைத்தால் உதறிவிடலாம். அது அவளுக்குத் தெரிகிறது. அவன் கை சில்லிட்டிருப்பதும் தெரிகிறது.

இங்கே நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். முடிவு எழுதாவிட்டால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் சாகமாட்டார்கள், நானும் நல்லவனாகவே போய்விடலாம் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பு. நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சினும் பெட்ரோல் குடிக்கும். ஆஸ்பத்திரி நாற்காலி யாருக்காகவும் காத்திருக்காது. நான் முடிக்காமல் விட்டால் நேரியோ கேட்டதுதான் நடக்கும், கொஞ்சம் தாமதமாக.

ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும், அந்தக் கையை அவள் உதறுவதா, சாவியைத் திருப்ப விடுவதா. நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. டாங்கில் அவ்வளவு பெட்ரோல் இல்லை.