வீட்டம்மாவின் பதில்

பித்தளைக் குடம் பரணில்தான் இருக்கிறது, பழைய சாக்குக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள் என்று பிரகதாம்பாள் மறுபடியும் சொல்லி அனுப்பினாள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவருகிற நீர்மாலைக்குக் குடம் வேண்டுமாம். புருஷனுடைய தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவளிடம்தான் காலையிலிருந்து எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை டப்பா எது, மோட்டார் சுவிட்ச் எந்தப் பக்கம், வந்தவர்களுக்குப் போர்வை விரிக்கலாமா, பாய் இருக்கிறதா. துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் துக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் விசாரிக்கப்பட்டது. அவளும் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனந்தராஜ் விடியற்காலையில் இறந்திருந்தார். சிறுநீரகம் கெட்டு மூன்று வருடமாக டயாலிசிஸ். வாரத்தில் இரண்டு நாள் அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது அவள்தான். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவார். வலிக்கிறதா என்று கேட்டால் ‘ம்’. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால் அதற்கும் ‘ம்’. இந்த வியாதி வந்ததால் வந்த மௌனமில்லை அது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு வாயில் போட்ட பூட்டை அவர் கழற்றவே இல்லை என்று அவளுடைய அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நாத்தனார் அழகிதான் எடுத்துக் கொடுத்தாள். தம்பி தனக்குத் தீபாவளிக்கு எடுத்துத் தந்த சேலை, வீடு கட்டும்போது வந்து நின்றது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். பிரகதாம்பாளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது, அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒப்பாரி வைப்பதற்கும் ஒரு முதல் வேண்டியிருக்கிறதே. என்னை இப்படிச் சொன்னாரே, அப்படிச் சிரித்தாரே என்று எடுத்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் ஆக்கிப் போட்டோமே, துவைத்துப் போட்டோமே, இந்த மனுஷன் ஒரு தடவையாவது நம்மை நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்பதுதான் காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதுதான் அந்த மூன்று பேரும் வந்தார்கள். திருச்சி வண்டி. இரண்டு ஆண்கள், ஒரு பெண், எல்லாருக்கும் ஐம்பது வயது இருக்கும். பெரிய மலர்வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் பந்தலில் நின்றார்கள். மலர்வளையத்தின் நடுவே அச்சடித்து ஒட்டியிருந்ததை அழகி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘அரைத்தூக்கத்துக்குக் கண்ணீர் அஞ்சலி – பதிவர் நண்பர்கள்.’

ஒப்பாரி நின்றுவிட்டது. அழகி எழுந்தாள்.

“யாருங்க அரைத்தூக்கம்? எந்தம்பி என்ன தூங்கிக்கிட்டா குடும்பத்தக் காப்பாத்துனான்? எழவு வீட்ல வந்து கேலி பண்றீங்களா?”

மலர்வளையத்தைப் பிடித்திருந்தவர் வசந்தகுமார் என்பவர். அவர் முகம் செத்துப்போய்விட்டது. தாளைக் கிழிக்கப் போனார். மகன் நிலவழகன்தான் குறுக்கே வந்து, அது அப்பா ப்ளாக்கில் வைத்திருந்த பேர் அத்தை, அப்பா போனிலிருந்து நான்தான் இவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன் என்றான். அழகிக்கு விளங்கவில்லை. பேர் வைக்க வேறு பேரா கிடைக்கவில்லை என்றாள்.

“இருக்கட்டும் அயித்தாச்சி. அவுக வச்சுக்கிட்ட பேருதான. கால்மாட்டுல வைக்கச் சொல்லுங்க” என்றாள் பிரகதாம்பாள். சண்டையை விலக்குகிற தெம்பு அவளிடம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

ப்ளாக் என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அவர் நடத்திவந்த ஜெராக்ஸ் கடை அப்போது பிரவுசிங் சென்டராக இருந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் ரிசல்ட் பார்க்க வருகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுகிற கடை. மத்தியான நேரத்தில் அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பார். முகநூல் எல்லாம் வருவதற்கு முந்திய காலம். உலகத்தில் சும்மா இருந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையும் மனதில் பட்டதையும் எழுதித் தள்ளிய காலம். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு போனவள், அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கண்டதில்லை. எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டி ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அப்புறம் அதுவும் ஆறிப்போனது.

வந்த பெண் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பிரகதாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் ஷர்லி, பள்ளிக்கூட டீச்சர் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதானக்கா வீட்டம்மா?” என்று கேட்டாள்.

இதென்ன கேள்வி என்றிருந்தது. ஆமாம் என்றாள். அந்தப் பெண் பொங்கிப் பொங்கி அழ ஆரம்பித்தாள்.

அழுகைக்கு நடுவில் அவள் சொன்னது இது. அரைத்தூக்கம் எழுத உட்கார்ந்தால் எதையும் விடமாட்டார். பழைய பேப்பர் வாங்கப்படும் என்ற போர்டைப் பார்த்தால், நேற்று வந்தது பழசா, இல்லை இன்னும் ஒருநாள் ஊறவைக்க வேண்டுமா என்று எழுதுவார். இங்கு நல்ல கோழி கிடைக்கும் என்றிருந்தால், கெட்ட கோழியெல்லாம் எந்த ஊருக்குப் போய்விட்டது என்று கவலைப்படுவார். படிக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனாலும் எல்லாரும் காத்திருந்தது வீட்டம்மா வருகிற பதிவுக்குத்தான். அவர் என்ன சொன்னாலும் வீட்டம்மா கடைசியில் ஒன்று சொல்லி அவரைக் கவிழ்த்துவிடுவாள். வீட்டம்மாவுக்கு ரசிகர் மன்றமே வைத்திருந்தார்களாம். துபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் வீட்டம்மா வாழ்க என்று பின்னூட்டம் போட்டார்களாம்.

பிரகதாம்பாளுக்கு முதலில் உடம்பு கூசியது. குளிக்கும்போது எவனோ எட்டிப் பார்த்துவிட்டது மாதிரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “என்னன்னு எழுதியிருக்காரு?” என்று கேட்டாள். ஷர்லி போனைத் தடவி ஒன்றை எடுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் அவள் காதோரம் படித்தாள்.

திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட கதை. பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டு, கதவைப் பூட்டினோமா என்று வீட்டம்மா திரும்பி ஓடுகிறாள். இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறாள். பஸ் வருகிற நேரத்தில் மறுபடியும் ஓடுகிறாள். மூச்சு வாங்க வந்து நிற்கிறவளிடம், பூட்டு சௌக்கியமா என்று இவர் கேட்கிறார். அதற்கு வீட்டம்மா சொல்கிறாள்: அதுக்கென்ன, இழுத்துக் கேட்டா லேசா ஆடவாச்சும் செய்யுது. ஒங்கள இழுத்தா அதுவும் இல்ல.

ஷர்லி அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்ததை எடுத்தாள். நின்றுபோன மிக்சியை வீட்டம்மா பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவது. குக்கர் விசிலை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனில் பேசி, ஏழு விசிலா எட்டா என்று சண்டை பிடிப்பது. கோலம் போட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வது.

அவள் செய்ததாகச் சொன்னதெல்லாம் நிஜம். ஒரு இம்மி கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோலத்துக்குத் தலையாட்டுவது அவளுக்கே தெரியாது, இப்போது யோசித்தால்தான் ஆமாம் என்று படுகிறது. பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்த மனுஷன் இத்தனையையும் எப்போது பார்த்தார்? பார்த்திருக்கிறார். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் அது ஆறுதலாக இல்லை. ஏனென்றால் பூட்டு சௌக்கியமா என்று அவர் அன்றைக்குக் கேட்கவே இல்லை. அவளும் அப்படி ஒரு பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசாமல் பஸ் ஏறினார்கள், பேசாமல் திரும்பி வந்தார்கள்.

கடையில் அன்றைக்கு அவள் சந்தேகப்பட்டது தப்பில்லை. ஒருத்தி இருந்திருக்கிறாள். இதே சேலையைக் கட்டிக்கொண்டு, இதே அடுப்படியில் நின்றுகொண்டு, அவரோடு வாய்க்கு வாய் பேசிச் சிரித்திருக்கிறாள்.

“நல்லாத்தான் பேசுறா அந்தப் பொம்பள” என்றாள்.

“நீங்கதானக்கா அது.”

“நானில்ல.”

ஷர்லி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிரகதாம்பாள், உங்களிடமெல்லாம் நன்றாகப் பேசுவாரா என்று கேட்டாள். கேட்கும்போது குரல் கொஞ்சம் பிசகியது. பொறாமைதான், வேறென்ன.

பின்னால் நாற்காலியில் இருந்த மூன்றாவது ஆள் திருமுருகன் குனிந்து சொன்னார்.

“இல்லைங்க. பதிவர் சந்திப்புக்கு எத்தனையோ தரம் வந்திருக்காரு. ஓரமா ஒக்காந்து சிரிச்சுட்டுப் போயிருவாரு. போன் பண்ணாக்கூட ‘ம்’தான். அவரு கொரல் எப்படி இருக்கும்னு கேட்டா எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.”

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி வேர்த்திருந்தது. முகம் மங்கலாகத் தெரிந்தது. பேச்சைத் தன்னிடமிருந்து ஒளித்து வைத்துவிட்டு ஊருக்குக் கொடுக்கவில்லை, அவரால் முடிந்ததே அவ்வளவுதான் என்று நினைத்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. கோபம் இறங்கிய இடத்தில் அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து யாரோ மஞ்சள் எங்கே என்று கேட்டார்கள். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கொட்டுச் சத்தத்தோடு நீர்மாலை வந்தது. பெட்டியைத் திறந்து அவரை வெளியே எடுத்துக் குளிப்பாட்டினார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் மேல் போட்டார்கள். வெயில் ஏறுகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று பெரியவர்கள் விரட்டினார்கள். வாய்க்கரிசிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். நிலவழகன் போட்டான், அழகி போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். ஷர்லி தயங்கித் தயங்கி வந்து, அரிசியை எப்படி எடுப்பது என்று கேட்டுப் போட்டாள். கடைசியில் பிரகதாம்பாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவள் அரிசியை அள்ளிக் குனிந்தாள். தாடைக்கட்டுக்கு மேலே அந்த உதடு லேசாகத்தான் பிரிந்திருந்தது.

“ஏங்க,” என்றாள். கொட்டு நின்றிருந்ததால் பந்தல் முழுவதும் கேட்டது. “ஒரு நாளு எங்கிட்டக் காட்டியிருந்தா நானே பதில் சொல்லியிருப்பேன்ல. எனக்கும் சேத்து நீங்க ஏன் சொன்னீங்க?”

பெண்களுக்கு அது ஒப்பாரியின் முதல் அடியாகப் பட்டிருக்க வேண்டும். அழகி அதைப் பிடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற வசந்தகுமார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆளாளுக்குப் போட்ட அரிசி உதட்டில் நிற்காமல் மீசையில் சிதறிக் கிடந்தது. பிரகதாம்பாள் தரையில் முழங்காலை ஊன்றி, அதை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். பாடை தூக்க வந்தவர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காத்து நின்றார்கள். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.