கதவுக்கு வெளியே இருபத்தோராவது ஆள்

வடகரை என்கிற கில்டுக்கு நான்தான் தலைவன். கம்ப்யூட்டர் விளையாட்டில் சேர்ந்து சண்டை போடுகிற கூட்டத்துக்குத்தான் கில்டு என்று பெயர். எங்கள் சர்வரில் அப்படிப்பட்ட கூட்டம் நூற்றுக்கணக்கில் உண்டு. சேருவார்கள், ஆறு மாதத்தில் அடித்துக்கொண்டு கலைவார்கள். வடகரை பதினோரு வருஷமாகக் கலையவில்லை. கனடாவில் தண்டர் பே என்கிற துறைமுக ஊரில் ரயில் பெட்டியிலிருந்து கோதுமை இறக்கிக்கொண்டிருந்தவன், எட்டாம் வகுப்போடு நின்றவன், இதை எப்படிக் கட்டி மேய்க்கிறான் என்று கேட்பார்கள். யாரையும் நம்பாமல்தான் மேய்க்கிறேன். நம்பினவன் கில்டெல்லாம் என்ன ஆயிற்று என்று பார்த்திருக்கிறேன். கூடவே சிரித்துக்கொண்டிருந்த துணைத்தலைவன் ஒரு நாள் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

இந்தக் குளிர்காலத்தில் விளையாட்டு நடத்துகிறவர்கள் புதிதாக ஒரு கடல் பாம்பை இறக்கிவிட்டார்கள். அதற்கு மூன்று தலை. முதலில் அதைச் சாய்க்கிற கில்டின் பெயரை விளையாட்டுக்குள் இருக்கிற தலைநகரத்து வாசலில் பொறிப்பார்கள். அந்தப் பெயர் அங்கேயே இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள். இரும்புக்கோட்டை என்று இன்னொரு கில்டும் அதோடு முட்டிக்கொண்டிருந்தது.

பாம்பு இருக்கிற இடத்துக்குள் இருபது பேர்தான் போகலாம். ஒருவன் முன்னால் நின்று எல்லா அடியையும் தன்மேல் வாங்க வேண்டும். வைத்தியம் பார்க்கிறவர்கள் அவன் உயிர் இறங்க இறங்க ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். மற்றவர்கள் பாம்பை அடிப்பார்கள். முன்னால் நிற்பது நான். தலைவன் பின்னால் நின்றால் அது என்ன தலைமை?

மூன்றாவது தலை தண்ணீருக்குள்ளிருந்து திடீரென்று எழும்பும். எழும்பின உடனே முன்னால் நிற்பவன் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். நான் ஒதுங்கினேன், செத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை செத்துக்கொண்டிருந்தேன்.

“லொரெய்ன், தூங்குறியா? என் உயிரு சரசரன்னு எறங்குது, நீ என்ன பண்ணிட்டிருக்க?” என்று ஹெட்செட்டில் கத்தினேன்.

லொரெய்ன் மாங்க்டன் என்கிற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வைத்தியக்காரர்களுக்கு அவள்தான் தலைவி.

“நாப்பது பிள்ளைங்க பின்னால கத்துறப்பவே நான் தூங்குனதில்ல ஆர்வோ. நீங்க ஓராள் கத்தியா தூங்கிரப் போறேன்?”

“அப்ப நெட்டுதான். இந்தக் கம்பெனிக்காரன் திருட்டுப்பய. நாலு பனி விழுந்தா கம்பிய சுருட்டிக்கிறான்.”

“நெட்டாத்தான் இருக்கும் தலைவரே,” என்றான் க்வென்டின்.

அவன் அவ்வளவு சுருக்காக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. ரெஜைனா ஊரில் டயர் கடையில் வேலை பார்க்கிறவன், என் துணைத்தலைவன். வானம் நீலம் என்று நான் சொன்னாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பான். அப்படிப்பட்டவன் தலையாட்டினால் ஏதோ இருக்கிறது.

கவனிக்க ஆரம்பித்தேன். நாங்கள் பேசிக்கொள்வதற்கு நெட்டில் தனித்தனி அறைகள் உண்டு. சனிக்கிழமை மத்தியானங்களில் ஓர் அறை பூட்டியிருந்தது. உள்ளே க்வென்டின், லொரெய்ன், இன்னும் இரண்டு வைத்தியக்காரர்கள்.

“சனிக்கெழம என்னடா கூட்டம்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல தலைவரே. லொரெய்ன் அக்காவோட மகனுக்குக் கல்யாணம், அந்த விஷயம்.”

லொரெய்னுக்கு மகனே கிடையாது. மூன்றும் பெண்.

என் கில்டைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். கொண்டுபோனால் எனக்கு என்ன மிச்சம் என்றும் கணக்குப் போட்டேன். பெண்டாட்டி கல்கரிக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று, நான் போகாதே என்று சொல்லவும் இல்லை. வார நாட்களில் நான் வாய் திறப்பது பால் வாங்குகிற கடையில்தான். அங்கேயும் இப்போது காசு வாங்க மிஷினை வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹெட்செட்டை மாட்டினால்தான் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள். அது போனால் வாரத்தில் ஏழு நாளும் ஒன்றுதான்.

தலைவனுக்கு எந்தப் பூட்டும் திறக்கும். அடுத்த சனிக்கிழமை திறந்துகொண்டு உள்ளே போனேன். லொரெய்ன் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள் போல. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. யார் வந்தது என்று அவள் திரையைப் பார்க்கவில்லை.

“...ரெண்டு பேரு அவருக்குன்னே நிக்கிறோம், அப்பவும் பத்தலடா. மூணாவது ஆளையும் போட்டா மத்தவங்க சாவாங்க. அந்த மனுசன் தல எழும்புறதப் பாக்குறாரு, கை நகர மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும், எழவு, ஓடிப்போயி அவர் கையப் புடிச்சு இழுக்கவா?”

“அக்கா,” என்றான் க்வென்டின்.

“என்ன அக்கா? நெட்டு நெட்டுன்னு எத்தன நாளைக்குச் சொல்லுவ?”

“அக்கா, திரையப் பாரு.”

குழாயை மூடினாள்.

“எவ்வளவு நாளா நடக்குது?” என்றேன்.

க்வென்டின்தான் பேசினான். “பாம்பு வந்ததுலேருந்தே தலைவரே. அதுக்கு முந்தியும் கொஞ்சம்.”

“ஏன்டா மூஞ்சிக்கு நேரா சொல்லல? எனக்கென்ன காது செவிடா?”

“சொன்னா வெளையாட்டையே விட்டுட்டுப் போயிருவீங்க.”

“போனா என்னடா? உங்களுக்கு நல்லதுதான?”

“எங்களுக்கு நல்லதுதான்,” என்றாள் லொரெய்ன். “ஞாயித்துக்கெழம நீங்க என்ன பண்ணுவீங்க?”

கில்டைத் திருடியிருந்தால் திட்டியிருப்பேன். எனக்கு நன்றாகத் திட்ட வரும். இது திருட்டு இல்லை. என் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கோ இருக்கிற நாலு பேர் அதைத் தாங்களே ஊகித்துப் பேசி, எனக்காக ஆள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அதையும் நான் அப்படியே நம்பவில்லை. “ஓட்டிக் காட்டு,” என்றேன். க்வென்டின் போன வாரச் சண்டையைப் பதிவு செய்திருந்தான். போட்டுக் காட்டினான். தலை எழும்புகிறது. பத்தொன்பது பேரும் நகர்கிறார்கள். என் ஆள் மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கிறான். எல்லாரும் நகர்ந்து முடித்த பிறகு நகர்கிறான், அதற்குள் செத்துவிடுகிறான். மூன்று தடவை ஓட்டச் சொன்னேன். நெட் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் வந்ததும் சொன்னேன். “க்வென்டின், முன்னால நில்லு. பல்டாக்டர், நீ உள்ள வா. நான் வெளிய.”

பல்டாக்டர் என்றால் கெனோராவில் நிஜமாகவே பல் பிடுங்குகிறவன். எவனுக்காவது நெட் போனால் உடனே உள்ளே இழுத்துக்கொள்ள, இருபத்தோராவது ஆளாக ஒருவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைப்போம். குளிர்காலம் முழுக்க அவன்தான் நின்றான். நான்தான் நிறுத்தினேன்.

“நானா? நெசமாவா?” என்றான். “தலைவரே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“வாய மூடிட்டு உள்ள வாடா. வாயத் தொறக்குறதெல்லாம் உங்கிட்ட வர்றவங்க வேல.”

இரண்டு பேர் சிரித்தார்கள். க்வென்டின் சிரிக்கவில்லை. “தலைவரே, இன்னும் ஒரு தடவ...”

“போடா.”

கதவு மூடியது.

வெளியே ஒரு கல் பாலம். கீழே உறைந்த ஆறு. செய்வதற்கு ஒன்றும் இல்லை. குதித்துப் பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன். வேறு கில்டுக்காரன் ஒருவன் குதிரையில் வந்து என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்டது.

முதல் தலை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. சத்தத்தை வைத்து, இப்போது மூன்றாவது எழும்பும் என்று எனக்குப் பட்டது.

“எடப்பக்கம்! எடப்பக்கம் ஒதுங்குடா!” என்று கத்தினேன்.

“தலைவரே,” என்றான் க்வென்டின், மூச்சு வாங்க. “கொஞ்சம் சும்மா இருங்க.”

பதினோரு வருஷத்தில் சண்டை நடுவில் என்னை அப்படிச் சொன்னவன் இல்லை. என் மைக்கை நானே அணைத்தேன்.

அதற்கப்புறம் வெகுநேரம் லொரெய்ன் குரல்தான். விடாதே, விடாதே, இன்னும் கொஞ்சம், அவனுக்கு ஏத்து, எனக்கு வேணாம் அவனுக்கு ஏத்து. பிறகு எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஹெட்செட்டே கிழிந்துவிடும் போலிருந்தது. பல்டாக்டர் அழுதான் என்று நினைக்கிறேன். க்வென்டின் வீட்டில் யாரையோ கூப்பிட்டு, விழுந்துருச்சு, விழுந்துருச்சு என்று கத்திக்கொண்டிருந்தான். நானும் கத்தினேன். மைக் அணைந்திருந்ததை மறந்துவிட்டேன்.

செத்த பாம்புக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகுதான் லொரெய்ன் கேட்டாள். “அய்யய்யோ, ஆர்வோ எங்க?”

“உள்ள வாங்க தலைவரே! நடுவுல நில்லுங்க. மறுபடி எடுப்போம்!” என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்.

போனேன். பாம்பைக் கொன்ற ஒவ்வொருவன் தலைக்கு மேலும் பெயருக்குக் கீழே பொன் எழுத்தில் ‘கடலை வென்றவர்’ என்று புதிதாக ஒரு வரி வந்திருந்தது. இருபது பேருக்கு இருந்தது. என் பெயருக்குக் கீழே வெறும் பனி. நடுவில் நிற்கச் சொன்னார்கள். நான் ஓரத்தில் நின்றேன். அப்படியே மறுபடி எடுத்தார்கள்.

அப்புறம் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவன் மகளுக்கு ஐஸ் ஹாக்கி. ஒருத்திக்கு அடுப்பில் கோழி. லொரெய்ன் கடைசியாகப் போனாள்.

“அடுத்த வாரம் வருவீங்கல்ல?”

“வராம? கதவ யாரு பாத்துக்கிறது?”

“பல்டாக்டர நிறுத்துங்க. நீங்க பின்னால நின்னு வில்லு பிடிங்க.”

“பாக்கலாம்,” என்றேன். அவள் பெயர் அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு செய்தி வந்தது. இரும்புக்கோட்டைத் தலைவன். விளையாட்டில் துருப்பிடிச்சான் என்று பெயர் வைத்திருக்கிறவன். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வரி எழுதினதில்லை.

“வாழ்த்துக்கள் பெரியவரே. அந்த மூணாவது தல எழும்புறப்ப எப்படித் தப்பிச்சீங்க? எங்காளு அங்கதான் சாவுறான்.”

எனக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் அடிக்க வரும். “நான் இல்ல. நான் கதவுக்கு வெளிய நின்னேன்.”

“ஹஹ்ஹா. சொல்ல விருப்பமில்லன்னா விடுங்க.”

“நெசமாத்தான்.”

“சரி சரி, தொழில் ரகசியம். பெரிய ஆளுதான் நீங்க.”

விளக்கமாக எழுத ஆரம்பித்தேன். க்வென்டின் என்று ஒரு பையன், ரெஜைனா, டயர் கடை, அவன்தான் ஒதுங்கினான், லொரெய்ன் தன் உயிரைக் கவனிக்காமல் அவனுக்கு ஏற்றினாள், நான் அங்கே இல்லவே இல்லை. எழுதி முடிக்க நேரமாயிற்று. அனுப்பினபோது அந்த ஆள் இப்போது விளையாட்டில் இல்லை, செய்தி போகாது என்று காட்டியது. இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தேன். பிறகு எழுந்து சூப்பைச் சூடு பண்ணப் போனேன்.