சுதாராணி கேட்ட ஒரு வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுதாராணி என்னிடம் கேட்டது கதை அல்ல, ஒரே ஒரு வரி. அதை எழுதிக் கொடுக்க வக்கில்லாமல்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அவளுக்கு அந்த வரி வேண்டும். இன்று வெள்ளி.

(நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். எழுதுகிறவர்களுக்கு இருக்கும் கெட்ட பழக்கங்களில் இது சின்னது.)

2

முதல் தொடக்கம்: "ஏற்காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது."

அடித்துவிட்டேன். மலையில் நடக்கும் கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்ததுபோல் எல்லோரும் இதையே எழுதுகிறோம்.

இரண்டாவது: "சுதாராணிக்கு நாற்பத்து மூன்று வயது. ஏரிக்குப் போகும் சாலையில் காபித்தூளும் மிளகும் விற்கும் சின்னக் கடை. எட்டு வருஷமாகத் தனி ஆளாக அந்தக் கடையை"

இங்கே கை நின்றது. தனி ஆளாகவா? அவளுக்குக் கணவர் இருக்கிறார். அண்ணாதுரை என்று பெயர், ஜீப் ஓட்டுகிறார். நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கதைக்கு அவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். சுதாராணி செய்ததும் இதே தவறுதான். அது தெரிந்த பிறகும் நான் செய்தேன்.

3

அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஆறு ஞாயிறு வகுப்பு. ஊறுகாய் போடுகிறவர், தையல் கடைக்காரி, மூன்று அறையை வாடகைக்கு விடுகிறவர், செல்போன் பழுது பார்ப்பவர், சுதாராணி, நான். எனக்கு அங்கே என்ன வேலை என்றால், என் புத்தகங்களை நானே அச்சடித்து நானே விற்கிறேன். அதாவது, நானே கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

வகுப்பெடுத்த தீபிகாவைக் கேலி செய்யத்தான் இந்தக் கதையைத் தொடங்கும்போது நினைத்தேன். முடியவில்லை. அவர் சொன்னதெல்லாம் பலித்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எந்த அளவு சிக்கரி, எந்த அளவு நைசாக அரைக்க வேண்டும் என்று பெயரோடு எழுதி வையுங்கள் என்றார். சுதாராணி எழுதி வைத்தாள். முதல் வாரம் ஒரு தடவை வாங்கிப் போனவர்கள்கூட நாலாவது வாரம் அவள் கடையைத் தேடி வந்தார்கள். அதனால்தான் ஐந்தாவது வாரம் அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள். காலையில கண்ணு முழிக்கிறதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும். இப்போ நடக்கிற மாதிரியே எழுதுங்க. மனசார எழுதினா, எழுதினது நடக்கும்."

இருபது நிமிஷம் கொடுத்தார். நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.* பக்கத்து நாற்காலியில் சுதாராணி தலை தூக்காமல் எழுதினாள். அவள் தாள் இது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"அலாரம் இல்லாமலே எழுந்திருக்கிறேன். மாடிக்குப் போகிறேன். படுதாவில் மிளகு பரப்பியிருக்கிறது. வறுத்த காபிக்கொட்டை வாசம் வீடு முழுக்க இருக்கிறது. கடைக்கு நடந்தே போகிறேன். சேலத்தில் இரண்டாவது கடை. நாலு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மத்தியானம் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறேன். சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். கவலை இல்லாமல் தூங்குகிறேன்."

தீபிகா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி ஞாயிறு எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், சுதாராணியும் இன்னும் சிலரும் மேடையில் தங்கள் தாளைப் படிப்பார்கள் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

* என் தாளில் பேட்டி கொடுக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன், மாலை வாங்குகிறேன். எழுதுவதாக ஒரு வரி இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

4

புதன்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அண்ணாதுரை கேட்டாராம்: "ஏம்புள்ள, என்னப் பத்தி என்ன எழுதியிருக்கற?"

"வந்துதான் கேட்டுக்கங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவர் வண்டி எடுத்துக்கொண்டு போன பிறகு தாளை எடுத்துப் பார்த்தாள். மூன்று தடவை படித்தாள். அவர் இல்லை.

வியாழன் காலை நான் காபித்தூள் வாங்கப் போனபோது கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னாள்.

"மறந்திருப்பீங்க" என்றேன்.

"இருவத்திரண்டு வருசமா ஒரே ஊட்ல இருக்கறவர மறப்பாங்களா சார்? பொய் சொல்லக் கூடாதுங்க. எழுதுன அந்த இருவது நிமிசம் நொம்ப சந்தோசமா இருந்தனுங்க. அதுதானுங்க எனக்குப் பயம்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு, எம் மனசு அவர வேண்டாங்குது. இல்லீனா, மேடம் சொன்னாப்பல எழுதுனது நடக்கும்னா..."

அவள் முடிக்காததை நானும் முடிக்கவில்லை. அண்ணாதுரைக்குச் சர்க்கரை இருக்கிறது. வாரநாட்களில் பக்கத்து மலைக் கிராமமான மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றுவார். சனி ஞாயிறுகளில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுவார்.

பேச்சுக்கு நடுவில் போனை எடுத்து அவரை அழைத்தாள். "எங்கிருக்கறீங்க?"

அவர் குரல் எனக்கும் கேட்டது. "மஞ்சக்குட்டைலதான் புள்ள, ஆள் ஏறிட்டிருக்குது. இன்னைக்கி இது அஞ்சாவது போனு. என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. சாப்பிட்டீங்களான்னு."

"ஒம்பது மணிக்கு சாப்பிட்டது பத்து மணிக்கே செரிச்சுப் போயிருமா?" அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதறவருங்க. ஒரே ஒரு வரி. அவர அதுக்குள்ள கொண்டாந்து வெச்சுருங்க சார். ஒட்டுப் போட்டாப்பல தெரியக் கூடாதுங்க."

5

"அவர் எனக்குக் காபி போட்டுத் தருகிறார்." இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் போட்டதில்லை. மண்டபத்தில் முதல் ஆளாகச் சிரிப்பது அவராகத்தான் இருக்கும்.

"அவர் என்னைக் காரில் கடைக்குக் கூட்டிப்போகிறார்." அவள் சந்தோஷமே அந்த நடையில்தான் இருக்கிறது.

"அவர் வீட்டில் ஓய்வாக இருக்கிறார்." இதைக் காட்டியதும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "படுக்கைல கெடக்கற மாதிரி இருக்குதுங்க."

"அவரும் நானும் ஏரிக்கரையில்"

இதை முடிக்கவில்லை. அவரை எங்கே நுழைத்தாலும் ஒன்று சோறு ஆறுகிறது, இல்லை நடை தடைப்படுகிறது.

ஒரு கட்டத்தில் எனக்கு அவள்மீதே சந்தேகம் வந்தது. உண்மையாகவே அவளுக்கு அவர் வேண்டாமா? வேண்டாம் என்றால் காலை நேரத்தில் ஐந்து போன் எதற்கு? இரண்டும் ஒரே மனசில் இருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர் இல்லாத ஒரு நாளுக்கு ஏங்குகிறாள், அவர் இல்லாமல் போய்விடுவாரோ என்று நடுங்குகிறாள். இதற்கு எந்த வகுப்பிலும் பாடம் இல்லை. எனக்கும் பயமாக இருக்கிறது. என் வீட்டில் என்னைப் பற்றி ஒரு தாள் எழுதச் சொன்னால் நான் அதில் இருப்பேனா என்று தெரியவில்லை.

6

முடிவு அ: தாளில் உள்ளபடியே படிக்கிறாள். அண்ணாதுரை கடைசி வரி வரைக்கும் கேட்கிறார். எழுந்து, ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு,

(மேலே எழுதத் தைரியம் வரவில்லை. மேலே ஏறும் பாதையில் அந்த இருபது வளைவும் இருக்கிறது.)

முடிவு ஆ: இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. சனிக்கிழமை விடியும் நேரத்தில், வரி வரவில்லை என்று சொல்லிவிட அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடியில் அண்ணாதுரை நின்றிருந்தார். குல்லா, ஸ்வெட்டர், கைலி. குனிந்து படுதாவில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தார். வண்டி எடுக்கும் முன் தினமும் அது அவர் வேலையாம். கொட்டை வறுப்பதும் அவர்தானாம்.

அவள் தாள் ஞாபகம் வந்தது. தாளின் மூன்றாவது வரியில் மிளகு பரப்பியிருக்கிறது. தானாகவா பரப்பிக்கொண்டது? நாலாவது வரியில் காபிக்கொட்டை வறுபட்டிருக்கிறது. மனுஷன் முதலிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறார். இதுவரை நடந்தது. முடிவில் மட்டும் அண்ணாதுரையே மனைவியிடம் இதைச் சொல்வதாக எழுதினேன்: "மூணாவது வரியப் பாரு புள்ள. நாந்தான அங்க நிக்கறேன்."

ஆனால் அண்ணாதுரை அப்படிச் சொல்லவில்லை. அவருக்குத் தாளில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. சொன்னது நான். அதைப் பெருமையோடு கொண்டுபோய் சுதாராணியிடம் காட்டினேன். மெதுவாகப் படித்தாள்.

"அவருதாங்க பரத்துவாரு. ஆனா எழுதறப்ப அது ஞாபகத்துலயே வரலீங்க சார். எனக்கு மிளகு மட்டுந்தான் தெரிஞ்சுது."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

7

இதை மண்டபத்தில் உட்கார்ந்து, என் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மணி பத்தரை. ஊறுகாய்க்காரர் படித்து முடித்தார். அவர் தாளில் மாமியார்கூட இருந்தார்.

காலையில் வந்ததும் சுதாராணி என்னிடம் பென்சில் வாங்கினாள், பத்து நிமிஷம் கழித்துத் திருப்பித் தந்தாள். ஏதாவது எழுதினாளா, இல்லை வெறுமனே கையில் வைத்திருந்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மேடையில் நிற்கிறாள். அண்ணாதுரை மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இஸ்திரி போட்ட அதே சட்டை. போனை உயரத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார். தன்னைப் பற்றிய வரி வரும்போது தவறவிட்டுவிடக் கூடாது என்று முதலிலிருந்தே எடுக்கிறார்.

"அலாரம் இல்லாமலே எழுந்திருக்கிறேன். மாடிக்குப் போகிறேன். படுதாவில் மிளகு பரப்பியிருக்கிறது."

நிறுத்திவிட்டாள். தாளைப் பார்க்கிறாள். அவரைப் பார்க்கிறாள். நான் இருக்கும் இடத்திலிருந்து தாளின் முதுகுதான் தெரிகிறது. மேடைப் பயம் என்று அவர் நினைத்துவிட்டார். படி, படி என்று தலையை ஆட்டுகிறார்.

என்னால் ஆனது இவ்வளவுதான். இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த ஒரு வரி எழுத வருமென்றால் கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அவருக்குக் கை வலிக்கிறது போலிருக்கிறது, போனை அடுத்த கைக்கு மாற்றிக்கொள்கிறார்.