வெள்ளிக்கிழமைச் சட்டம்

நண்டுக் கொம்பனியில் காலை முறை முடிந்ததும், ஓடு உரித்த விரல்களின் வீச்சம் போகத் தேசிக்காய் தேய்த்துக் கழுவிவிட்டு, றொஷேல் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டியவள். படுக்கவில்லை. மகள் டினோஜாவோடு மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த விளையாட்டுக் கழக மண்டபத்துக்கு வந்தாள். சுவரோரத்து ஒடுங்கிய நிழலில் இரண்டு கழுதைகள் நின்றபடியே தூங்கின. அவற்றைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"வாங்கோ அம்மா, பேர் பதியிறதை மூடப் போறாங்கள்," என்று டினோஜா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

மண்டபத்தின் நடுவே நின்றது ஆளுயரப் பெட்டி. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிய எருக்கலம்பிட்டி மர்சூக் நானா, லொறியில் ஏற்றிவந்து தன் கடையில் வைத்த வீடியோ சண்டை விளையாட்டு. திரையில் இருவர் மோதுவார்கள், ஒருவர் விழுவார், அவ்வளவுதான். அதற்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர் இருந்தது. அதை எவரும் வாயால் சொன்னதில்லை. தொப்பை தள்ளிய மல்லனுக்கு, படகுகளை வைத்து ஊரை ஆளும் முதலாளிகளின் ஞாபகமாகச் சம்மாட்டி என்று பெயர். தலையில் வெள்ளைத் துணி கட்டிக் காலால் அடிக்கிற பெண், சிஸ்டர். இடமும் வலமும் திருப்புகிற தடி, சுக்கான். கடற்கரைப் பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

மர்சூக் நானா மௌத்தாகிவிட்டார். களஞ்சிய அறையில் சாக்கு மூடிக் கிடந்த பெட்டியை அவருடைய மனைவி சபூராவிடம் கேட்டு வாங்கித் திருத்திய கழகத்தார், இன்று அதில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். சுவரை மறைத்து ஒரு பதாகை: 'அந்த நாள் சண்டைக்காரர்'. அதன் கீழே வரிசையாக முகங்கள். எல்லாமே மீசை வைத்த முகங்கள்.

ஓர் ஊர் தன்னில் பாதியை மறந்துவிட்டு மற்றப் பாதிக்கு மாலை போடுகிறது. அதற்கும் நினைவுகூரல் என்றே பெயர் சூட்டுகிறது. அந்தப் பதாகையைக் கிழித்தெறியும் கோபம் றொஷேலுக்கு ஒரு காலத்தில் இருந்தது. இப்போது இருந்ததெல்லாம் முதுகு வலி.

பெயர் பதியும் மேசையில் இருந்தவர் அலெக்ஸாண்டர், கழகச் செயலாளர். அந்த நாளில் இந்தப் பெட்டியின் ராசா என்று பெயர் எடுத்தவர். அவர் நிமிராமலே சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளையளுக்கு இல்லை தங்கச்சி. பழைய மாதிரியே நடத்திறம். அந்த நாளில எந்தப் பொம்பிளை இந்தப் பெட்டியைத் தொட்டவ?"

"நான் தொட்டனான்," என்றாள் றொஷேல்.

"துடைக்கத் தொட்டிருப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

டினோஜா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தாள். சிஸ்டரின் கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு, கைத்தொலைபேசியில் அதே ஆட்டத்தைத் தேடிப் பிடித்துப் பழகியவள் அவள். இழுத்துவந்த பிடி இப்போது தளர்ந்தது. அம்மா சொன்னதெல்லாம் புளுகோ என்ற கேள்வி அந்த விரல்களில் இருந்தது. பெயர் பதிவது ஒரு பக்கம் கிடக்கட்டும். இந்தக் கேள்வியோடு வீடு திரும்ப றொஷேலால் முடியாது.

"விளையாடினனான் அண்ணை. வெள்ளிக்கிழமையில."

"கடை வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டு."

"முன்கதவுதான் பூட்டு."

அந்த நாளில் மர்சூக் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது பெடியன்களை வெளியேற்றி முன்கதவைப் பூட்டுவார். சிறிது நேரத்தில் சபூரா பின்கதவைத் திறப்பாள். எதிரே இருந்த தையல் வகுப்பிலிருந்து றொஷேலும் மற்றப் பெண்களும் சாப்பாட்டுப் பொதியோடு ஒழுங்கைக்குள்ளால் ஓடி வருவார்கள். வேதக்காரப் பிள்ளை, சைவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லோருக்கும் ஒரே கட்டளை: வெளியில் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால் தகப்பன்மார் வகுப்பையும் நிறுத்திவிடுவார்கள். அன்று அவர்களைக் காப்பாற்றிய அந்த மௌனம்தான் இன்று அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது!

அலெக்ஸாண்டர் பேனையை வைத்துவிட்டு எழுந்தார். "சரி, இருந்து காட்டுங்கோ. என்னை வெண்டால் மகளின்ர பேரைப் போடுறன்."

பெட்டிக்கு முன்னால் இரண்டு கதிரைகள் போடப்பட்டன. அவர் சம்மாட்டியை எடுத்தார். அவள் சிஸ்டரை எடுத்தாள். முதற் சுற்றில் விரல்கள் மரத்துப்போய், நினைத்ததற்குப் பிந்தியே பொத்தானை அமுக்கின. சிஸ்டர் விழுந்தாள். "போய்க் கறியைப் பாருங்கோ அக்கா!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

இரண்டாம் சுற்றில் அவள் அவசரப்படவில்லை. அவசரப்படுவதற்கு உடம்பில் தெம்பில்லை என்பதே உண்மை. சம்மாட்டி தொப்பையால் இடிக்க வரும்போதெல்லாம் சுக்கானைப் பின்னால் இழுத்துக் காத்திருந்தாள். ஒவ்வோர் இடிக்கும் பிறகு அவன் சற்றுத் தள்ளாடுவான். நண்டின் மூட்டில் கத்தி இறங்குவது போல, அந்தத் தள்ளாட்டத்துக்குள் ஓர் உதை. மறுபடி ஓர் உதை. அந்தச் சுற்றும் அவளுடையது, அடுத்ததும் அவளுடையது. திரையில் சம்மாட்டி மல்லாந்து கிடக்க, சிஸ்டர் கையை உயர்த்தினாள்.

றொஷேல் கதிரையை விட்டு எழுந்தாள்.

"ஆ! எழும்பியிட்டா!" அலெக்ஸாண்டர் கைதட்டினார். "கடைச் சட்டம் தெரியுந்தானே? வெண்டவன் இருப்பான், தோத்தவன் எழும்புவான். கதிரையை விட்டால் ஆட்டம் விட்டது."

பகிடியாகத்தான் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் ஆரவாரித்ததும் பகிடி தீர்ப்பாகிவிட்டது. தோல்வியை மறைக்க ஒரு சட்டம் கிடைத்தால் எந்த ஆண்பிள்ளை அதை விடுவான்?

றொஷேல் தன் கால்களையே பார்த்தாள். அவள் யோசித்து எழவில்லை, முழங்கால்கள் எழுந்துவிட்டன. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவை சபூராவின் சட்டத்தை மறக்கவில்லை.

சுவரோரமாக முன்வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த சபூரா, விசிறியை மடியில் வைத்தாள். "தம்பி, அவ வெண்டதால எழும்பின. அது என்ட சட்டம். வெண்டவளுக்குச் சந்தோசம் கிடைச்சிட்டு, அவ எழும்பணும். தோத்தவ இருந்து பழகணும்."

"கடை நானாவின்ரையெல்லோ ராத்தா?"

"நானா ஜும்ஆவுக்குப் போனாக் கடை யார்ட?"

இப்போது சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"அப்ப இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"பெட்டியக் கேட்டு வந்தீங்க. என்னட்ட ஒண்டும் கேக்கல்லியே."

அந்தச் சட்டத்தால் அதிகம் இருந்து பழகியவள் சிவலட்சுமி. கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரப் பிள்ளை. தோற்றுத் தோற்றே கதிரையை விடாமல், கடைசியில் எல்லோரையும் தோற்கடித்தவள். இறுதிப் போரில் சனத்தோடு சனமாகப் போனாள். போனவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பதாகையில் அவள் முகத்துக்கும் இடமில்லை. இதைச் சொல்ல றொஷேல் வாயெடுத்தாள். யாரிடம் சொல்வது?

அலெக்ஸாண்டர் குரலைத் தணித்தார். "சரி, பிரச்சினை வேண்டாம். கமிட்டியில கதைச்சு அடுத்த வருசம் பாப்பம்."

அடுத்த வருசம்! கொம்பனியில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டபோதும் அதே சொல். அரச கந்தோர்களில் காணிக்கு அலைந்தபோதும் அதே சொல். மறுத்தோம் என்ற பழி வராமல் மறுப்பதற்கு இந்த நாடு கண்டுபிடித்த மிக நயமான சொல் அது. றொஷேலுக்குள் வாதங்கள் வரிசையாக நின்றன. அவற்றை வெளியே கொண்டுவரும் மூச்சுத்தான் இல்லை. விடுங்கோ அண்ணை என்று சொல்லிவிடப் பார்த்தாள்.

அவள் விட்டெழுந்த கதிரை கிரீச்சிட்டது. டினோஜா அதில் அமர்ந்திருந்தாள்.

"தங்கச்சி, எழும்பு."

"ஏன் மாமா? உங்கட சட்டத்தில அம்மா தோத்து எழும்பினவ. ராத்தாட சட்டத்தில வெண்டு எழும்பினவ. எப்பிடிப் பாத்தாலும் நீங்கள் இருக்கிறீங்கள், இந்தக் கதிரை வெறுமையா இருக்கு."

அவளை அகற்ற அலெக்ஸாண்டர் பாதி எழுந்தார். "எழும்பாதை அலெக்ஸ்! எழும்பினாத் தோத்ததுதான்!" என்று அவருடைய கூட்டாளி ஒருவனே கத்தினான். மண்டபம் அதிர்ந்தது. பாதியில் நின்றவர் யோசித்து, மெல்லத் திரும்பவும் அமர்ந்தார். டினோஜா சிஸ்டரை எடுத்தாள்.

றொஷேல் சபூராவின் பக்கத்தில் சீமெந்துத் தரையில் அமர்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தாள். மகளுடைய விரல்கள் பொத்தான்களில் தடதடவென்று ஓடும் ஓசை கேட்டது. முதல் அடி யாருக்கு விழுந்தது என்று தெரியவில்லை.

"பாக்கல்லியா புள்ள?" என்றாள் சபூரா.

"அவள் விளையாடட்டும் ராத்தா. நான் கொஞ்சம் கண்ணை மூடுறன்."