ஓரத்தில் நின்ற அப்பா

எழுபத்தெட்டாம் வருஷம். நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ராஜமாணிக்கத்துக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளைகள் ‘மனசு மண்டலம்’ செய்திருக்கிறார்கள், பெற்றவர்கள் வந்து பாருங்கள் என்று ருக்கு டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அட்டையில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, தன் மனசில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் யோசித்து நிரப்ப வேண்டுமாம். ஒட்டுவதற்கு ஒரு சிரட்டை ரப்பர் பால் வேண்டும் என்று மகள் செல்லம் கேட்டபோது, சூப்பர்வைசர் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தான். தன் இடம் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஜெகநாதன் பிடித்துக்கொண்டார். இருவரும் இலங்கையில் ஒரே தோட்டத்தில் வெட்டியவர்கள், ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

“பாத்தியா மாப்ள, எம்மவன் என்னைய நட்ட நடுவுல வச்சிருக்கான். மீசைக்கு அடுப்புக்கரி.”

ராஜமாணிக்கம் மகளின் அட்டையைத் தேடிப் பிடித்தார். நடுவில் இரட்டைச் சடையோடு செல்லம். அவளைச் சுற்றிச் சிப்பி ஒட்டிய வட்டத்தில் அம்மா பொன்னம்மா. அடுத்து, ரப்பர் விதை ஒட்டிய வட்டத்தில், வீட்டு ஆட்டுக்குட்டி. அதற்கடுத்து பக்கத்து வீட்டு நாய். அப்பாவைக் காணோம். குனிந்து பார்த்தார். அட்டை முடிகிற ஓரத்தில், கடைசி வட்டத்தில், தலைப்பாகையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கோணலாக ஒரு கோடு. அந்த வட்டம் முழுக்க ரப்பர் பாலை வேறு அப்பி வைத்திருந்தாள்.

“அட, நாய்க்கு அப்புறம்தான் நீயா?” என்றார் ஜெகநாதன்.

ராஜமாணிக்கத்துக்கு முகம் செத்துப்போயிற்று. குட்டியை விற்கப்போகிறேன் என்று போன வாரம் கத்தியது ஞாபகம் வந்தது. விடியும் முன்னே மரத்துக்குப் போகிறார், திரும்பினால் தூக்கம். பெற்ற பிள்ளைக்கு அப்பனைவிட ஆடு பெரிசாகிவிட்டதென்றால் யாரை நோவது? ஆனாலும் அந்த ஆட்டைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

செல்லம் ஓடிவந்தாள். “நல்லாருக்காப்பா?”

“நல்லாருக்கு. அப்பனை மட்டும் வேலிக்கு வெளிய நிறுத்திட்டே.” சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அவள் விழித்தாள். “வேலியா? அது பட்டைப்பா. டீச்சர் வட்டம் போடச் சொன்னாங்க. மரத்தை அறுத்தா வட்ட வட்டமாத் தெரியுமே, அதைப் போட்டேன்.” கோணல் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். “இது நீங்க வெட்டுற வெட்டு. பாலெல்லாம் பட்டையிலதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நடுவுல?”

“நடுவுல வெறும் கட்டை. அது நான். நான் சும்மாதானே நிக்கிறேன்.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பால் நெடி என்று டீச்சரிடம் சொல்லிச் சமாளித்தார்.

திரும்பும் வழியிலும் ஜெகநாதன் விடவில்லை. “என்ன இருந்தாலும் நடு நடுதான் மாப்ள.”

“இருபது வருசமா பால் வெட்டுறியே,” என்றார் ராஜமாணிக்கம். “என்னைக்காவது நடுவுலேர்ந்து ஒரு சொட்டு எடுத்திருக்கியா?”

ஜெகநாதன் மீசையைத் தடவிக்கொண்டே நடந்தார். ராஜமாணிக்கம் மட்டும் நின்று, ஆட்டுக்குட்டிக்கு ஒரு கொத்துப் பலா இலை ஒடித்துக்கொண்டார்.