திருடர் ஐயா அவர்களுக்கு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகவே இருந்திருக்கக் கூடாது. எங்கள் குடியிருப்பின் மாத மடலுக்கு, பந்தயக் காரின் சக்கரங்கள் திருடுபோகாமல் தடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் அத்தான். அக்காவின் கணவர், பல் டாக்டர். எங்கள் தெருவிலேயே பந்தயக் கார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஆகவே வாசகரும் அவர் ஒருவர்தான்.

முதல் வரி இப்படி இருந்தது: அதிகாலையில் கதிரவன் தன் பொற்கதிர்களை [சீ. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: காலையில் வெளியே வந்து பார்த்தால் கார் நான்கு செங்கல் அடுக்குகள் மேல் நின்றது. இது பரவாயில்லை, நடந்ததும் இதுதான். துளிகூடச் சாயாமல் அடுக்கியிருந்தான் அந்தப் பாவி. வேலை சுத்தம் என்று அத்தானே ஒப்புக்கொண்டார். பிறகுதான் அழுதார்.

2.

புதுச் சக்கரங்கள் வந்தன. டயர் கடைக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு நட்டு போட்டார். அதற்கென்றே செய்த சாவி இல்லாமல் கழலாது. சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள், திருடன் முதலில் அங்கேதான் தேடுவான் என்றார். [கட்டுரை இங்கே முடிகிறது. காருக்காக வந்தவர்கள் இறங்கிக்கொள்ளலாம்.]

அத்தான் சாவியை ஒளித்தார். சர்க்கரை டப்பா, பழைய ஷூ, யாரோ வாங்காமல் போன பல் செட், தினம் ஓர் இடம். கிளினிக்கில் நோயாளியை வாயைப் பிளக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு ஓடிச் சக்கரங்களை எண்ணிவிட்டு வருவார். [இந்தப் பாத்திரத்தை யார் நம்புவார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தவள் நான்.]

அக்காவிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. எனக்கும் நாலு சக்கரம் இருந்தால் திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ என்று அக்கா சிரித்தாள். சிரித்த கையோடு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மாடிக்கு உன்னிடமே வந்துவிடட்டுமா என்று கேட்டாள். அது விளையாட்டுப் பேச்சில்லை.

3.

ஒரு நாள் சாவி காணாமல் போனது. அதே வாரம் முன்சக்கரம் பஞ்சர். நட்டை உடைத்து எடுக்கிறேன் என்றார் டயர் கடைக்காரர். கீறல் விழும் என்று அத்தான் விடவில்லை. பல் அச்சு எடுக்கும் பசையை நட்டின் மேல் அப்பி அச்சு எடுத்தார். கடைவாய்ப் பல்லுக்கு கேப் செய்வதுபோல் ஒரு சாவியும் செய்தார். மாட்டித் திருகியதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

கடைசியில் கார் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினார்: 'திருடர் ஐயா அவர்களுக்கு, முன்பக்க இடது சக்கரத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகவும்.' வசதிக்குச் செங்கலும் வைத்தார். ஒருவரும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் கிளினிக்குக்கு நடக்க ஆரம்பித்தார். துணைக்கு அக்காவும் போனாள். முதல் நாள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம். பத்தாவது நாள் மழையில் ஒரே குடையில் வந்தார்கள்.

4.

[இதை எழுதலாமா?] சாவி என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தவள் அக்கா.

"நீயே வெச்சுக்கோடி. அவர் என்கூட நடக்கிறாரு. இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்."

முடிவு அ: சாவி கிடைக்கிறது. கார் கிளம்புகிறது. அக்காவின் பெட்டி மாடியேறுகிறது.

முடிவு ஆ: திருடன் வருகிறான், சீட்டைப் படித்துவிட்டு மனமிரங்கி [வேண்டாம், இவனை எனக்குப் பழக்கமில்லை].

முடிவு இ:

நேற்று அத்தான் வந்து மூன்றாம் பகுதி வரை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கதையில் சாவி கிடைத்துவிடுகிறதா என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். என் மேஜையைப் பார்த்தார். பென்சில் டப்பாவையும்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வழக்கமாகக் காரைப் பார்ப்பார். நேற்றுப் பார்த்தது, செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்த அக்காவை.

"அவசரமில்ல. மெதுவா எழுது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா?

நான்காம் பகுதியைக் கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கிழிக்கவில்லை. அப்படியானால் அத்தானும் படித்துவிட்டார். சாவியைக் கேட்டு அவர் மாடியேறி வந்தாரா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னை மெதுவாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.