ஊர் மெச்சிய மாமி

என்னைப் போல ஒரு மாமியார் இந்தக் கண்டியில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. டிக்டொக்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் சொல்கிறார்கள். மற்றபடி நான் வெறும் ஞானேஸ்வரி. கட்டுக்கலையில் வீடு, மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர், ஒரு மகன், ஒரு மகள், தீராத முழங்கால் வலி. போன வருடம் வரை என்னைப் பற்றி எவரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை.

எல்லாம் மருமகள் தனுஜா ஆரம்பித்து வைத்தது. ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளை. படித்தவள். வாய் குறைவு, மூளை அதிகம். மாமியார் மருமகள் சண்டையை இரண்டு நிமிடக் கூத்தாக எழுதுவாள். கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வசனம் இருக்கும். என் மகன் யுகேஷ் போனைப் பிடித்துப் படமெடுப்பான். குழம்பில் புளி அதிகம் என்று நான் கத்துவேன், அவள் மூக்கைச் சிந்துவாள், ஊர் சிரிக்கும். முதலில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஒருநாள் பிள்ளையார் கோயிலில் நாலு பெண்கள் என்னைச் சுற்றி நின்று செல்பி எடுத்தார்கள். அதற்குப் பிறகு கத்துவதற்கு முன்னால் பவுடர் போட ஆரம்பித்தேன்.

போன் இல்லாத நேரத்தில் வீட்டுப் பேச்சு வேறு மாதிரி. போன மாதம் தனுஜாவுக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்தது. கலகெதரப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். ஒன்றாம் திகதி போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“மாமி, சஞ்சீவ மட்டும் பகல்ல ஒங்ககிட்ட விட்டுட்டுப் போகலாமா?”

“மூணு வயசுப் புள்ளய விட்டுட்டு எந்தத் தாயாவது போவாளா? அவன் ஸ்கூலுக்குப் போற வயசு வரட்டும், அப்புறம் பாப்போம்.”

அவள் கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். யுகேஷ் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தான். நான் சொன்னதில் என்ன பிழை? என் மகள் நிரோஷினி கண்டியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தவள். மாத்தளையில் கட்டிக்கொடுத்தோம். குழந்தை பிறந்ததும் வேலையை விடச் சொல்லிவிட்டார் அவள் மாமியார். என்னிடம் வந்து அழுதாள். “பெரியவங்க சொன்னா கேட்டுக்க, அனுசரிச்சுப் போ” என்று சொல்லி, நானே பஸ் ஏற்றி அனுப்பினேன். மறுவாரமே வேலையை விட்டுவிட்டாள். பெண்ணை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று சம்பந்தியம்மா இன்றைக்கும் என்னைப் பாராட்டுவார்.

இரண்டு நாள் கழித்து தனுஜா புதுத் தாள் ஒன்றை நீட்டினாள். வாசித்தேன். கதையில் மருமகளுக்கு வேலை கிடைக்கிறது. மாமியார் முறைக்கிறாள், கடிதத்தைப் பிடுங்குகிறாள். கிழிக்கப் போகிறாள் என்று பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் அதை வைத்துக் கும்பிட்டுவிட்டு, “நீ போ மகளே, புள்ளய நான் பாத்துக்கிறேன்” என்கிறாள்.

“இது என்ன, எனக்குப் பாடமா?” என்று கேட்டேன்.

“நடிப்புதானே மாமி. இஷ்டமில்லன்னா புளிக்குழம்பையே எடுப்போம்.”

நடிப்பு என்று வந்துவிட்டால் நான் விடுவேனா? அவளுடைய உண்மையான நியமனக் கடிதத்தைத்தான் கையில் தந்தாள். ஒரே தடவையில் கண்ணீர் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கடைசி வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில்தான் அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரும் விருப்பம் போட்டு, என்னைத் தங்க மாமி ஆக்கினார்கள்.

சனியன் அதற்குப் பிறகுதான் பிடித்தது. தலையணை உறைக்குத் துணி எடுக்கக் கண்டி டவுனில் கொழும்பு வீதிக்குப் போனேன். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் பவாஸ் அக்குறணைக்காரர், எங்களுக்குப் பல வருடப் பழக்கம். என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“வாங்க மாமி! எங்க உம்மா ஒங்க வீடியோவப் பாத்து அழுதுட்டாங்க. மருமக எப்ப ஸ்கூலுக்குப் போறாங்க?”

கடையில் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அது வெறும் நடிப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டாள். போனைக் கண்டால் என் முகம் தானாக மலர்ந்துவிடும். என்ன செய்ய, பழகிப்போய்விட்டது.

“ஒண்ணாம் திகதி போறா” என்றேன். “அதுக்குத்தானே சேலை எடுக்க வந்தேன்.”

பவாஸ் டீச்சர்மாருக்கு ஏற்ற சேலைகளை மேசை முழுக்க விரித்துப் போட்டார். தலையணை உறை பற்றி மூச்சு விடாமல் நீலக் கரை போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எரிச்சல். வீட்டுக்கு வந்ததும் பையைத் தனுஜாவின் மடியில் போட்டேன்.

“இப்படி நடக்கும்னு தெரிஞ்சுதானே எழுதின?”

அவள் சேலையைப் பிரித்துப் பார்த்தாள். கரையைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“வசனம் மட்டுந்தான் நான் எழுதினேன் மாமி. அழுதது நீங்க.”

ஒன்றாம் திகதி காலையில் யுகேஷ் வழியனுப்பும் காட்சியைப் படமெடுத்தான். முதல் தடவை சஞ்சீவ் குறுக்கே ஓடிவந்துவிட்டான். இரண்டாம் தடவை எடுத்து முடிப்பதற்குள் கலகெதர பஸ் போய்விடும் போல இருந்தது. தனுஜா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் ஓடியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யுகேஷும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

எட்டரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நிரோஷினி நின்றாள். இடுப்பில் மகள், தோளில் பை, வேலைக்குப் போன காலத்துச் சேலை.

“பழைய ஒபிஸ்ல மறுபடி ஆள் எடுக்கிறாங்கம்மா. பத்து மணிக்கு இன்டர்வியூ. இவள வச்சுக்கங்க.”

“ஒன் மாமியார் என்ன சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டேன். பழைய வாய், சும்மா இருக்காது.

“ஒங்க வீடியோவப் பாத்து அழுதாங்க. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாங்க. அப்ப நானும் வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டேன். அது படம், இது வீடுன்னு சொல்லிட்டாங்க. கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பினாள்.

“அந்த வசனம் அண்ணி எழுதினதுன்னு எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு எனக்கு அனுசரிச்சுப் போன்னு சொன்னீங்களே, அது யாரு எழுதிக் கொடுத்தது?”

கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. நேரமாகிறது என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

யார் எழுதிக் கொடுத்தது? யாரும் இல்லை. அது என் சொந்த வசனம். அதையும் ஒரே தடவையில்தான் சொன்னேன், ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வராமல்.

குழந்தையைச் சஞ்சீவின் பக்கத்தில் உட்கார வைத்தேன். மாத்தளைக்குப் போன் எடுத்தேன். பவுடர் போட ஞாபகம் வரவில்லை.

“சம்பந்தி, நிரோஷினி கோயிலுக்குப் போகல. நாந்தான் இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அன்னைக்கு அவள வேலைய விடச் சொன்னது என்னோட பிழை. அவ போகட்டும். ரெண்டு புள்ளைகளையும் நான் பாத்துக்கிறேன்.”

குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“எவ்வளவு உருக்கமா சொல்றீங்க! இத எப்ப டிக்டொக்ல போடுவீங்க சம்பந்தி?”